மச்சானுக்கு ஒரு மானிட்டர்

மட்டாஞ்சேரியில் பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் மூன்று வருஷம் எங்கள் கடையில் அதிகமாகப் பொருள் வாங்கியவரும், தனக்கென்று ஒன்றுகூட வாங்காதவரும் ஒரே ஆள்தான். டீச்சர்.

எல்லாம் மச்சானுக்கு. டீச்சர் பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பெண். அவர்கள் வீடுகளில் கணவனை மச்சான் என்றுதான் சொல்வார்கள். முதல் தடவை கடைக்கு வந்தபோது மவுஸ் கேட்டார். "மச்சானுக்குக் கை பெருசு தம்பி, அதுக்குத் தோதா ஒண்ணு எடுங்க" என்றார். நான் இருப்பதிலேயே பெரிதாக நாலைந்து எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் தன் உள்ளங்கைக்குள் வைத்து, ஆள்காட்டி விரலால் டக் டக்கென்று தட்டி, கண்ணை மூடி யோசித்து, கடைசியில் அலமாரி மூலையில் கிடந்த சின்ன மவுஸை எடுத்துக்கொண்டு போனார். நான் அப்போது கம்பம் ஊரிலிருந்து வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பாலக்காட்டில் பெரிய கை என்பது இந்த அளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்கு எதிரே ஒரு சாயக்கடை, நம் ஊர் டீக்கடைதான். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி போடுவார்கள். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு போய் நின்று, பிள்ளைகளுக்கு என்று சொல்லி இரண்டு பழம்பொரி காகிதத்தில் சுற்றி வாங்குவார். டியூஷனுக்கு வருகிற இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பழம்பொரி எப்படிப் போதும் என்று சாயக்கடைக்காரர் கேட்டதே இல்லை. நான் மட்டும் கடை வாசலில் நின்று ஒரு நாள் பார்த்தேன். சந்து திரும்புகிற இடத்தில் மின்கம்பம் இருக்கிறது. அதைத் தாண்டும்போது காகிதம் காலியாகிவிட்டது. விரலைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்த நடையில் வீட்டுக்குப் போனார்.

அவருடைய ஆசை எதுவும் அவர் பெயரில் வெளியே வராது. ஆட்டோவில் வேகமாகப் போகப் பிடிக்கும். ஆனால் டிரைவரிடம், "உங்களுக்கு அடுத்த சவாரிக்கு நேரமாகும்ல, கொஞ்சம் வேகமா போங்க" என்பார். வெயில் தாங்காமல் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தால், "அந்தக் கம்ப்யூட்டருக்கெல்லாம் சூடு ஆகாதே, ஏசியைக் கூட்டி வைங்க" என்பார். கம்ப்யூட்டரெல்லாம் பெட்டிக்குள் இருக்கும். கடை முதலாளியை நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுவோம். அவரும் வாயைத் திறக்காமல் ஏசியைக் கூட்டி வைப்பார். டீச்சரிடம் வாயைத் திறக்கிற துணிச்சல் அந்தச் சந்தில் யாருக்கும் கிடையாது.

அதற்குக் காரணம் உண்டு. டீச்சர் கணக்கு டியூஷன் எடுப்பவர். கணக்கு வராத பிள்ளை என்று யாராவது சொன்னால், கணக்கு வராத பெற்றோர் என்று திருத்துவார். டியூஷன் அறையில் பிள்ளைகள் நுழைந்ததும் செல்போனை ஒரு பழைய பிரஷர் குக்கருக்குள் போட வேண்டும். மூடியைத் திருகிப் பூட்டிவிடுவார். உள்ளே போன் அடித்தால் குக்கரே அதிரும். எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது. ஜூன் மாசம் டியூஷன் தொடங்குகிற அன்று அம்மாமாரை எல்லாம் கூட்டி உட்கார வைத்து ஒரு வாக்கு வாங்குவார். பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் கேம் விளையாடக் கூடாது. பிள்ளை மட்டுமில்லை, வாப்பாமாரும் கூடாது. கேம் விளையாடுகிற வீட்டுப் பிள்ளையை அவர் சேர்ப்பதில்லை. ஆனால் எங்களிடம் அவர் வாங்குவதெல்லாம் கேம் சாமான்கள்தான். அவர் வீட்டில் மட்டும் மச்சானுக்கு விலக்கு உண்டு போலிருக்கிறது என்று சேட்டன் என் காதில் சொல்லிச் சிரித்தார். வெளியே சொன்னால் டீச்சருக்குப் பிழைப்பு போய்விடும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் மச்சானின் கேம் எங்கள் கடைச் சுவருக்குள்ளேயே இருந்தது.

மச்சானை நாங்கள் பார்த்ததில்லை. களமசேரியில் ஒரு பேக்டரியில் வேலை. விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஆனால் டீச்சர் வாங்கிப்போன சாமான்களை வைத்து அவரைப் பற்றி எனக்கு ஒரு பெரிய மதிப்பு உண்டாகியிருந்தது. நல்ல கிராபிக்ஸ் கார்டு, விரலுக்கு மெத்தென்ற கீபோர்டு, வழுக்காத மவுஸ் விரிப்பு. துப்பாக்கி வைத்துக்கொண்டு பெரிய தீவு முழுக்க ஓடி, நூறு பேரில் ஒருவன் மிஞ்சுகிற கேம் ஒன்று அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அதில் தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிற ஆள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நானும் அதை விளையாடுவேன். முதல் ஐந்து நிமிஷத்தில் செத்துப்போவேன். அதனால் மச்சானை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது மானிட்டர் பேச்சு தொடங்கியது. மழைக்காலம் முடிகிற வரைக்கும் அது முடியவில்லை.

"இருபத்தினாலு அங்குலம் மதியாகலையாம், போதலையாம் தம்பி. பெருசா, புள்ளி நெருக்கமா ஒண்ணு வேணுமாம் மச்சானுக்கு" என்றார். எங்களிடம் முப்பத்திரண்டு அங்குலத்தில், நடுத்தர ரெசல்யூஷனில் ஒன்று ரொம்ப நாளாக விற்காமல் கிடந்தது. அதைத் தலையில் கட்டிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் என் மேஜையில் கிடந்த பில் ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் ஒரு முக்கோணம் போட்டார். மூலைக்கு மூலை முப்பத்திரண்டு என்றால் அகலம் இவ்வளவு, அகலத்தில் இத்தனை புள்ளி என்றால் ஒரு அங்குலத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. இருபத்தேழில் இதே புள்ளிகள் இருந்தால் நூற்றியொன்பது. "பெருசாக்கறோம்னு சொல்லி மாவில தண்ணி ஊத்தறீங்க" என்றார். நான் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன்.

ஏறக்குறைய நாலாயிரம் புள்ளி அகலமுள்ள 4கே திரைக்கு மச்சானின் கிராபிக்ஸ் கார்டு திணறும் என்று எச்சரித்துப் பார்த்தேன். அந்த நடுத்தரத் திரையைவிட எத்தனை மடங்கு வேலை என்று கேட்டார். ரொம்ப என்றேன். "ரொம்பன்னு ஒரு எண் இல்ல. ரெண்டேகால் மடங்கு" என்று திருத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நிழல், புல், தண்ணீர் இவற்றின் அழகைக் குறைத்து வைத்துவிட்டால் கார்டு சமாளிக்கும், நிழல் இல்லாவிட்டால் ஒளிந்திருக்கிறவனும் தெளிவாகத் தெரிவான் என்று எனக்கு ரகசியம் சொல்லிக்கொடுத்தார். அன்று ராத்திரி நானும் நிழலைக் குறைத்துப் பார்த்தேன். ஏழு நிமிஷம் உயிரோடு இருந்தேன்.

அளவை முடிவு செய்ய அவர் செய்தது வேறு யாருக்கும் தோன்றாது. பழைய மலையாளப் பேப்பர்களை ஒட்டி, இருபத்தேழு, முப்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று மூன்று அளவில் வெட்டி, ஒன்றை மாற்றி ஒன்றாக ஒரு வாரம் சுவரில் மாட்டினார். அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாராம். மச்சான்தான் உட்கார்ந்தார் என்று உடனே சேர்த்துக்கொண்டார். நாற்பத்து மூன்றில் மூலையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறதாம். திரும்புவதற்குள் மூலையில் வருகிறவன் கதையை முடித்துவிடுவானாம். இருபத்தேழில் 4கே வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். "முப்பத்திரண்டுதான் தம்பி சரி. இப்ப இருக்கிற திரையில தூரத்து மேட்டுல ஒருத்தன் படுத்திருந்தா ரெண்டு புள்ளி. ஆளா கல்லான்னு எனக்கு..." என்று நிறுத்தி, "மச்சானுக்குத் தெரிய மாட்டேங்குது" என்று முடித்தார்.

அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சின்ன மவுஸ் முதற்கொண்டு விளங்கியது. இத்தனை நாள் எப்படி ஏமாந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டு, சாரை ஒரு தடவை கடைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்களேன், அவர் கண்ணால் பார்த்து எடுப்பது நல்லது என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வயிற்றுவலி என்று சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

ஆனால் மச்சான் தானாகவே வந்தார். ஏதோ ஒரு விண்ணப்பப் பாரத்தை ஜெராக்ஸ் எடுக்க ஒரு சனிக்கிழமை கடைக்குள் குனிந்து நுழைந்த ஆறடி மனிதர், தான் டீச்சரின் வீட்டுக்காரர் என்று சொன்னார். சேட்டன் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. "சாரைப் பத்திதான் இங்க எப்பவும் பேச்சு" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் விஷமமாக, சார் எந்தத் துப்பாக்கி வைத்து விளையாடுவீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஜெராக்ஸ் காகிதத்தை மெல்ல மடித்தார். "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நீங்க தூரத்துல இருந்து குறி பாக்கிற ஆள்னு சொன்னாங்க."

"அப்ப அதுதான்" என்றார்.

முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஒரு மனிதரை எனக்கு அவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போனது அதுதான் முதல் தடவை.

மானிட்டர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மட்டாஞ்சேரி வீட்டு மரப்படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி பக்கவாட்டில் போனால் நான் போக முடியாது. நான் போனால் பெட்டி போகாது. இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வீட்டு நசீமா இத்தா பின்னாலேயே ஏறி வந்துவிட்டார். அவருடைய மூன்று பெண்களும் டீச்சரிடம்தான் படித்தார்கள். ஜூன் மாச வாக்குறுதிக்கு அம்மாமாரை எல்லாம் வரிசையாகக் கூட்டி வருகிறவரும் அவரே. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சந்தே பின்னால் போகும்.

"இதென்ன டீச்சரே, இத்தனை பெரிசு?"

"மச்சானுக்கு. பேக்டரி வேலை" என்றார் டீச்சர். பேக்டரி வேலைக்கு மேஜைமேல் பழைய திரையில் துப்பாக்கி பளபளக்கிற கேம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. டீச்சர் அதை மூட ஓடுவதற்குள் நசீமா இத்தா பார்த்துவிட்டார். "சாருக்குமா இந்தப் பைத்தியம்? பாவம் டீச்சர் நீங்க" என்று கன்னத்தில் கை வைத்தார். அந்தப் பரிதாபத்தோடு விஷயம் அங்கேயே நின்றிருக்கும். மாட்டிவைத்தது எங்கள் கடை வழக்கம்.

பெரிய திரை விற்றால் நாங்கள் கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டோம். கழுத்துவலி என்று யாரோ ஒருவர் மானிட்டரைத் திருப்பிக் கொண்டுவந்ததிலிருந்து சேட்டன் வைத்த சட்டம் அது. யார் பயன்படுத்துவாரோ அவரை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து, கண்ணுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, திரையின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு வருகிற மாதிரி மாட்டிக் கொடுக்க வேண்டும். டீச்சரின் மேஜை இரண்டடி அகலம்தான். திரை கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டுமென்றால் சுவரில்தான் மாட்டியாக வேண்டும். அதுவோ பழைய சுண்ணாம்புச் சுவர். ஒரு தடவை துளை போட்டால் போட்டதுதான். பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இதை நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் குறும்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மச்சான் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தார். நான் கோடு போட்டேன். திரையைத் தற்காலிகமாகப் புத்தகங்களின் மேல் நிறுத்தி, வயரைச் செருகி, சார் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள் என்றேன். அவர் மவுஸைக் கல் பொறுக்குகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்தார். இறங்கியதும் ஒரு சுவரைப் பார்த்துச் சுடத் தொடங்கினார். ஒருவன் பின்னால் வந்து நிதானமாகச் சுட்டுவிட்டுப் போனான். இரண்டாம் ஆட்டத்தில் தண்ணீரில் இறங்கி மூழ்கினார். மூன்றாம் ஆட்டத்தில் தன் காலடியிலேயே குண்டைப் போட்டுக்கொண்டார். நசீமா இத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்கா டீச்சரே இவ்வளவு பெரிய சாதனம்? இவருக்கு அந்தப் பழசே மதி" என்றார்.

டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். முந்தானையைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். நாலாம் ஆட்டத்தில் மேட்டில் ஒருவன் படுத்திருந்தான். இந்தத் திரையில் அவன் தொப்பியின் விளிம்புகூடத் தெரிந்தது. மச்சான் அவனுக்கு நேராக நடந்துபோனார். டீச்சரின் ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு தடவை மடங்கியது. நான் டிரில்லைக் கையில் எடுத்துக் கோட்டின் மேல் வைத்தேன். பொத்தானை அழுத்தவில்லை.

"நிறுத்துங்க தம்பி" என்றார் டீச்சர். "எந்திரிங்க மச்சான்."

மச்சான் எழுந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. டீச்சர் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, என்னைப் பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்தார்.

"அளவெடுங்க. எனக்குத்தான் வாங்கினது."

புதுக்கோடு பழைய கோட்டுக்கு ஐந்து அங்குலம் கீழே விழுந்தது. துளை போட்டேன், மாட்டினேன். டீச்சர் ஒரு ஆட்டம் ஆடினார். தூரத்து மேட்டில் படுத்திருந்த ஒருவனை ஒரே குண்டில் முடித்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. தொண்ணூற்றொன்பது பேரின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆட்டம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது நசீமா இத்தா அங்கே இல்லை. படியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. என் குறும்பால் ஒருவருடைய பிழைப்பில் கை வைத்துவிட்டேனே என்று நினைத்தபடி டிரில்லைப் பையில் போட்டேன்.

பயந்தது போலவே நடந்தது. நசீமா இத்தா மூன்று பெண்களையும் நிறுத்திவிட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு வீடுகள். வாரக் கடைசிக்குள் ஏழு பிள்ளைகள் போய்விட்டார்கள். சாயக்கடையில் இதே பேச்சு. வாக்கு வாங்கிய கையேதான் விளையாடுகிற கை என்றெல்லாம் பேசினார்கள். அடுத்த திங்கட்கிழமை டீச்சர் எங்கள் கடையை நோக்கி நடந்து வருவதைப் பார்த்ததும் சேட்டன், "மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கத்தான் வர்றாங்க, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

டீச்சர் உட்காரவில்லை. ஏசியைப் பற்றியும் பேசவில்லை. "மானிட்டர்ல ஒரு குறை" என்றார். "மேல வலது பக்கம் ஒரு புள்ளி எரிய மாட்டேங்குது. கறுப்பாவே நிக்குது. மாத்திக் கொடுக்கணும்."

சேட்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே, அதெல்லாம் குறையில்லை டீச்சர், ஒன்றிரண்டு புள்ளிக்குக் கம்பெனிக்காரர்கள் மாற்றித்தர மாட்டார்கள், எண்பது லட்சம் புள்ளியில் ஒன்று போனால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்றார்.

"எண்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூத்து நாலாயிரத்து நானூறு" என்றார் டீச்சர். "என் கண்ணுக்குத் தெரியுது."

பிள்ளைகள் போனதைப் பற்றி நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குரல் உயரவில்லை.

"அக்காவுக்குன்னு சொல்லி ஒரு செருப்பு வாங்கினேன், கடிச்சுது. பேசாம போட்டுட்டு நடந்தேன். மாமிக்குன்னு ஒரு சேலை, முதல் துவைப்புல சாயம் போச்சு. எடுத்துட்டுப் போய் எப்படிக் கேக்கிறது? என்னுதில்லைன்னு நானே சொல்லியாச்சே. இருபது வருஷமா எல்லாக் குறையையும் விழுங்கியாச்சு தம்பி. இது எனக்குன்னு சொல்லி வாங்கினது. ஏழு பிள்ளைங்க போயாச்சு. இதுல ஒரு புள்ளிகூட விட மாட்டேன்."

சேட்டன் மேஜை இழுப்பறையைத் திறந்து, புகார் பாரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்துப் பழைய பழக்கத்தில், யார் பெயரில் டீச்சர் என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். மேஜைமேல் குனிந்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு என்னிடம் கொடுத்தார். மூன்று வருஷமாகத் தெரிந்த டீச்சரின் பெயரை நான் அன்றைக்குத்தான் படித்தேன்.